கணினியின் சாவி யார் கையில்?

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு அளித்துவந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்திக்கொண்டது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சிப்பும் அண்மைக்காலச் செயலியும் கொண்ட கணினிகளையே ஏற்கிறது. பழுதின்றி இயங்கும் கணினிகள் பலவும் இந்த ஒரு முடிவால் பழையனவாகிவிட்டன. தொடர்ந்து பாதுகாப்பு வேண்டும் நிறுவனங்கள் முதலாண்டில் கணினிக்கு 61 டாலர் செலுத்த வேண்டும். அடுத்தடுத்த ஆண்டுகளில் அத்தொகை இரட்டிப்பாகும்.

எந்த இயங்குதளம் சிறந்தது என்ற விவாதம் பெரும்பாலும் வேகம், அழகு, வசதி ஆகியவற்றோடு முடிந்துவிடுகிறது. அந்த ஒப்பீட்டையும் நேர்மையாகவே செய்வோம். விண்டோஸில் ஏறத்தாழ எல்லா அச்சுப்பொறிகளும் இயங்கும். சிறு வணிகர்களின் டேலி கணக்கு மென்பொருளும் அதில் இயங்கும். ஆப்பிளின் மேக் உறுதியானது, சீரானது; ஆனால் அந்நிறுவனத்தின் விலையுயர்ந்த கணினியை வாங்கியோருக்கு மட்டுமே உரியது. லினக்ஸுக்கு உரிமக் கட்டணம் இல்லை. பழைய கணினியிலும் இயங்கும். அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். எனினும் சில தொழில்முறை மென்பொருள்கள் அதில் நேரடியாக இயங்குவதில்லை. பழகுவதற்கும் காலம் பிடிக்கும்.

தனிமனிதர் தமக்கு ஏற்றதைத் தேர்ந்துகொள்ளலாம். ஆனால் பள்ளி, மருத்துவமனை, நீதிமன்றம், அரசு அலுவலகம் ஆகியவை மக்கள் பணத்தில் இயங்குபவை. அங்கே முதலில் எழ வேண்டிய கேள்வி, சாவி யாருடைய கையில் இருக்கிறது என்பதே.

2025 ஜூலையில் இக்கேள்விக்கு விடை கிடைத்தது. குஜராத்தின் வாடினாரில் பெரும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையை நடத்தும் நயாரா எனர்ஜி மீது ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. ரஷ்ய நிறுவனமான ரோஸ்நெப்ட் அதன் முக்கியப் பங்குதாரர் என்பதே காரணம். உடனே மைக்ரோசாப்ட் தனது சேவைகளை நிறுத்தியது. ஊழியர்களின் மின்னஞ்சலும் முடங்கியது. தில்லி உயர்நீதிமன்றத்தை அந்நிறுவனம் நாடிய பின்னரே சேவை மீண்டது. அன்று நின்றது இயங்குதளம் அல்ல, இணையவழிச் சேவைதான். எனினும், கட்டணம் செலுத்திய இந்திய நிறுவனத்தின் அன்றாடப் பணியை அயல்நாட்டு முடிவொன்றால் நிறுத்த முடியும் என்பது ஐயமற வெளிப்பட்டது.

மாற்று வழி கற்பனையானதல்ல. கேரளப் பள்ளிகளில் கணினிக் கல்வி தொடங்கியபோது, அதை ஒரே நிறுவனத்தின் பொருளோடு பிணைப்பதை ஆசிரியர் இயக்கமும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களும் எதிர்த்தனர். இன்று அம்மாநில அரசுப் பள்ளிகள் லினக்ஸில் இயங்குகின்றன. இதனால் சுமார் 3,000 கோடி ரூபாய் மிச்சமாகிறது என்பது, பொறுப்பேற்று நடத்தும் கைட் அமைப்பின் மதிப்பீடு. ஆசிரியர்களுக்கு முறையாகப் பயிற்சி அளித்ததும், பாடத்திட்டத்துக்கேற்ப மென்பொருளை வடிவமைத்ததுமே இவ்வெற்றியின் அடித்தளம்.

எதிர்த்தரப்பினர் ஜெர்மனியின் மியூனிக் நகரைக் காட்டுவர். 2003இல் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்த அந்நகர மன்றம், 2017இல் விண்டோஸுக்கே திரும்பத் தீர்மானித்தது உண்மைதான். அரசியல் உறுதி குலைந்தால் நன்கு தொடங்கிய முயற்சியும் நிலைக்காது என்பதே அதன் பாடம். அதே ஜெர்மனியில் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில அரசு இப்போது கட்டற்ற மென்பொருளுக்கு மாறிவருகிறது.

ஒன்றிய அரசு 2015இலேயே திறமூல மென்பொருளுக்கு முன்னுரிமை அளிக்கும் கொள்கையை அறிவித்தது. சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இந்திய மொழிகளோடு ஆண்டுக்கணக்கில் கிடைக்கிறது. பாதுகாப்பு அமைச்சகமும் 2023இல் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட மாயாவைத் தேர்ந்தது. படைத்துறைக்கு ஆபத்தெனப்பட்ட சார்புநிலை, மக்களின் நில ஆவணத்துக்கும் மருத்துவக் குறிப்புக்கும் மட்டும் எப்படி ஆபத்தற்றதாகும்?

‘சுயசார்பு’ முழக்கத்துக்குப் பொருள் இருக்க வேண்டுமானால் செய்ய வேண்டியவை தெளிவானவை. 2015 கொள்கையை முழுமையாக நடைமுறைப்படுத்த வேண்டும். உரிமங்களுக்கு ஒவ்வொரு துறையும் செலவிடும் தொகையை வெளியிட வேண்டும். ஆதரவு முடிந்த கணினிகளைக் குப்பைக்கு அனுப்பாமல், லினக்ஸ் நிறுவிப் பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் வழங்க வேண்டும். ஊழியர் பயிற்சிக்கும் பராமரிப்புக்கும் நிரந்தரப் பணியிடங்களை உருவாக்க வேண்டும். உரிமக் கட்டணமாக வெளியேறும் பணம், இங்குள்ள இளம் பொறியாளர்களின் ஊதியமாகட்டும்.