பிகட் பிரபுவும் தஞ்சைப் பயிரும்

சென்னை கவர்னர் பிகட் பிரபுவை 1776 ஆகஸ்டில் அவருடைய கவுன்சிலின் பெரும்பான்மையினரே கைது செய்தனர். 1777 மே மாதம் காவலிலேயே இறந்தார். இதைப் பதவிப்போட்டி என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அது போதாது.

ஆற்காட்டு நவாப் 1773இல் கைப்பற்றிய தஞ்சையை, லண்டன் இயக்குநர்களின் உத்தரவுப்படி மன்னர் துளஜாவிடம் அவர் திருப்பித் தந்தார். நவாபுக்குக் கடன் கொடுத்திருந்த பால் பென்ஃபீல்டோ, தஞ்சையின் வருவாயும் வயலில் நின்ற பயிரும் தமக்கு ஈடு என்றார். பூசலின் வேர் அங்கே இருக்கிறது.

பிகட்டை உத்தமராக்க வேண்டியதில்லை. அவரும் கம்பெனியின் ஆள்தான். கவர்னரைக் கவிழ்த்த நால்வருக்கு 1780இல் லண்டன் நீதிமன்றம் தலா 1,000 பவுன் அபராதம் விதித்தது. கவர்னரின் மானத்துக்கு விலை குறிக்கப்பட்டது. உழுதவன் அவ்வழக்கில் ஒரு தரப்பே அல்ல.

அண்டைச் சீமையான புதுக்கோட்டையிலிருந்து பார்க்கையில், பிரபுவைவிட அந்தப் பயிரே கண்ணில் நிற்கிறது. வரலாற்றை அங்கிருந்து எழுதத் தொடங்கலாம்.