மறையுமுன் காண்போம்

கட்டி முடித்த மாளிகையைப் பார்த்து வியப்பது எளிது. மண்ணுள் மறையப்போகும் அத்திவாரத்தையும் சீமெந்தினுள் ஒளியப்போகும் கம்பிக்கட்டையும் காண வேண்டுமாயின், கட்டும் காலத்திலேயே செல்ல வேண்டும்.

ஓப்பநாயக்கவிலிருந்து பலாங்கொடையைக் கடந்து சென்றால், வளவை கங்கையை மறித்து நிற்கும் சமனலவெவ அணையைக் காணலாம். உயரம் 110 மீற்றர். 1992இல் நீர் தேங்கியபோது அணை அசையவில்லை. ஆயினும் வலக்கரை மலையிலுள்ள சுண்ணாம்புக்கல் வெடிப்புகளின் வழியே நீர் பீறிட்டது. அக்கசிவு நீர் கல்தோட்டை வயல்களுக்குப் பயன்படுகிறது என்பது ஓர் ஆறுதல்.

ஆசிரியப் பெருமக்களே! தலைக்கவசம் அணிவித்து, மாணவரைக் கட்டடவேலை நடைபெறும் இடத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். சுவரின் உயரத்தைக் கேட்கும் பிள்ளை, அதைத் தாங்கும் நிலத்தின் இயல்பையும் கேட்கட்டும்.