கேள்விக்குறிகளான கட்டுரை

பழைய சிற்றிதழ்க் கட்டுரைகளை நண்பர்கள் சிலர் கூடி மின்வடிவில் சேமித்து வருகிறோம். திஸ்கியில் தட்டச்சு செய்திருந்த கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றி, எக்ஸ்எம்எல் வடிவில் தரவுத்தளத்தில் இட்டோம். மறுநாள் திறந்தால், ஒரு கட்டுரை முழுவதும் கேள்விக்குறிகள். தரவுத்தளத்தின் குறியேற்றம் தமிழை அறியாதது. எழுத்துருவை மாற்றினால் சரியாகும் என்று நம்பினோம். அழிந்தது தோற்றமன்று, எழுத்தே. மூலக் கோப்பையும் மாற்றும்போதே அழித்திருந்தோம். அச்சுப் பிரதியும் கைவசம் இல்லை.

இவற்றைக் கணினியாளர் பாடு என்று இலக்கியம் பேசுவோர் ஒதுக்கிவிடுவதே வழக்கம். அது தவறு என்பது எங்கள் கருத்து. இது பதிப்புப் பணி. ஏட்டுச் சுவடிகளில் புள்ளி இராது. காலும் ரகரமும் ஒன்றுபோல் இருக்கும். எது எழுத்து என்று பதிப்பாசிரியரே முடிவு செய்தார்.

இன்றும் அந்த ஐயம் தீரவில்லை. 'கொ' என்பதை ஒருங்குறியில் இருவகையாக இடலாம்: ககரத்தின்பின் ஒகரக் குறி ஒன்றாக, அல்லது கொம்பும் காலும் தனித்தனியாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இயல்பாக்கம் செய்யாத தேடலுக்கோ அவை வெவ்வேறு சொற்கள். கொன்றையைத் தேடுபவருக்குச் சில பாடல்கள் அகப்படாமலே போகும்.

சிறப்புக் குறிகளும் அப்படியே. & குறியும் இடப்புறக் கோணக்குறியும் எக்ஸ்எம்எல் உரைக்குள் நேராக நிற்க இயலாது; மாற்றுக் குறியீடு வேண்டும். அதை நிரல் ஒருமுறை செய்தால் போதும். நாமும் கையால் செய்துவைத்தால், வாசகர் திரையில் அக்குறியீடே எச்சமாக நிற்கும். குறியேற்றத்தின் பெயர் சொல்லாத கோப்பை வாசிப்பான்கள் பொதுவாக யூடிஎஃப்-8 என்றே கொள்ளும். தலையில் ஒன்றை எழுதி வேறொன்றில் சேமிப்பது, அட்டை ஒரு நூலுக்கும் உள்ளே இன்னொரு நூலுமாகக் கட்டுவதற்கு ஒப்பு.

முடியாத காரியமில்லை இது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், திஸ்கியில் தந்த நூல்களைப் பின்னர் ஒருங்குறியிலும் தந்தது.

மின்பதிப்பில் இறங்கும் நண்பர்களுக்கு எங்கள் வேண்டுகோள் இதுதான். மூலக் கோப்பைத் தொடாமல் வையுங்கள். எல்லாவற்றையும் யூடிஎஃப்-8இல், ஒரே இயல்பாக்கத்தில் சேமியுங்கள். சேமித்ததைத் திரும்ப எடுத்து, மூலத்தோடு வரிக்குவரி ஒப்பிடுங்கள். மெய்ப்புப் பார்க்காத நூலை அச்சுக்கு அனுப்புவோமா? நாங்கள் அனுப்பினோம், ஒரு கட்டுரையை இழந்தோம்.