காய்ச்சல் விட்ட பிறகு கூடும் ஆபத்து: டெங்கு உடலுக்குள் என்ன செய்கிறது?

“காய்ச்சல் விட்டாச்சு, நாளைக்கு ஆபீஸ் போயிடலாம்.” டெங்கு வந்தவர்கள் நான்காவது, ஐந்தாவது நாளில் வழக்கமாகச் சொல்வது இது. சாதாரண வைரஸ் காய்ச்சல் என்றால் இந்த முடிவில் தவறில்லை. ஆனால் டெங்கு தீவிரமாவது பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் இந்த நேரத்தில்தான். அடுத்த 24 முதல் 48 மணி நேரத்தை ‘ஆபத்துக் கட்டம்’ என்கிறார்கள் மருத்துவர்கள். உடல் சூடு குறையும்போது ஆபத்து ஏன் கூடுகிறது?

கசியும் ரத்தக் குழாய்கள்

ஏடிஸ் கொசு கடித்த 4 முதல் 10 நாட்களில் காய்ச்சல் தொடங்கும். வைரஸ் ரத்தத்தில் பெருகும் முதல் சில நாட்களில் கடும் காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, மூட்டு வலி எல்லாம் இருக்கும். பிறகு வைரஸின் அளவு குறையும், காய்ச்சலும் இறங்கும். ஆனால் அதற்குள் வைரஸ் வெளியிட்ட என்.எஸ்.1 என்ற புரதமும், நோய் எதிர்ப்பு மண்டலம் கொட்டிய வேதிப்பொருட்களும் சேர்ந்து நுண்ணிய ரத்தக் குழாய்களின் உட்சுவரைப் பதம் பார்த்திருக்கும்.

இந்தச் சுவர் ஒரு வடிகட்டி மாதிரி. ரத்த அணுக்களையும் புரதங்களையும் உள்ளே வைத்துக்கொண்டு, தேவையான நீரையும் சத்துகளையும் மட்டும் திசுக்களுக்கு விடும். தீவிர டெங்குவில் அந்த வடிகட்டியின் கண்கள் பெரிதாகிவிடுகின்றன. பிளாஸ்மா எனப்படும் ரத்தத்தின் நீர்ப்பகுதி கசிந்து, நுரையீரலைச் சுற்றியும் வயிற்றிலும் தேங்குகிறது. ஒரு சொட்டு ரத்தம்கூட வெளியே வராமலேயே, குழாய்க்குள் ஓடும் ரத்தத்தின் அளவு குறைந்துபோகிறது.

‘நல்லாத்தானே பேசுறார்!’

ரத்த அளவு குறைந்தால் உடல் சும்மா இருக்காது. இதயம் வேகமாகத் துடிக்கும். கை, கால்களுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கி, இருக்கும் ரத்தம் மூளைக்கும் இதயத்துக்கும் திருப்பிவிடப்படும். அதனால் நோயாளி தெளிவாகப் பேசுவார், போன்கூடப் பார்ப்பார். கை, கால் மட்டும் ஜில்லென்று இருக்கும்.

பி.பி. மெஷினில் மேல் எண் ஏறக்குறைய சரியாகவே காட்டலாம். கவனிக்க வேண்டியது இரண்டு எண்களுக்கும் இடையிலான வித்தியாசத்தை. 120/80 என்றால் வித்தியாசம் 40. அதுவே 100/80 ஆகி, வித்தியாசம் 20 ஆகச் சுருங்கினால் அதிர்ச்சி நிலை தொடங்கிவிட்டது என்று பொருள். ஆரோக்கியமான இளைஞரின் உடல் இதை வெளியே தெரியாமல் சமாளிக்கும். சமாளிக்க முடியாத கட்டத்தில் ரத்த அழுத்தம் சட்டென்று சரியும். “காலையில்கூட நல்லாத்தான் இருந்தார்” என்று வீட்டில் சொல்வது இதனால்தான்.

பிளேட்லெட்டை மட்டும் பார்த்தால் போதுமா?

டெங்கு என்றதும் வாட்ஸ்அப் குரூப்பில் வரும் முதல் கேள்வி, “பிளேட்லெட் எவ்வளவு?” ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை இருக்க வேண்டிய தட்டணுக்கள் டெங்குவில் குறைவது உண்மை. எலும்பு மஜ்ஜையில் உற்பத்தி குறைகிறது, இருப்பவையும் வேகமாக அழிகின்றன. ஆனால் எண்ணிக்கையை உயர்த்துவதற்காக மட்டும் தட்டணு ஏற்றுவதில் பெரிய பலன் இல்லை. தட்டணு 20 ஆயிரம் வரை இறங்கிய பெரியவர்களிடம் சிங்கப்பூர், மலேசியாவில் நடந்த ஆய்வு 2017இல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. முன்கூட்டியே தட்டணு ஏற்றியது ரத்தக்கசிவைத் தடுக்கவில்லை என்று அது கண்டது. கடும் ரத்தப்போக்கு இருந்தால் விஷயம் வேறு. அதை மருத்துவர் முடிவு செய்வார்.

அதே ரிப்போர்ட்டில் பலரும் தாண்டிப்போகும் இன்னொரு வரி உண்டு: பி.சி.வி. அல்லது ஹீமட்டோகிரிட். ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு இது. நீர்ப்பகுதி கசிந்தால் மீதி ரத்தம் கெட்டியாகும், இந்த எண் ஏறும். 40 ஆக இருந்தது 48 ஆனால், அதாவது 20 சதவீதம் கூடினால், கசிவு நடக்கிறது. தட்டணு வேகமாக இறங்க, பி.சி.வி. ஏறினால் தாமதிக்கக் கூடாது.

சலைன் அதிகமானாலும் ஆபத்து

டெங்கு வைரஸை அழிக்கும் மருந்து இன்னும் புழக்கத்தில் இல்லை. இழந்த நீரை அளவாக ஈடுகட்டுவதே சிகிச்சை. இதில் ‘அளவாக’ என்பது முக்கியம். ஓரிரு நாளில் கசிவு நின்று, வெளியேறிய நீர் ரத்தத்துக்கே திரும்பத் தொடங்கும். அப்போதும் சலைன் ஏறிக்கொண்டிருந்தால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறல் வரும். அடிக்கடி ரத்தம் எடுத்துப் பரிசோதிப்பது இதற்காகத்தான். உரிய நேரத்தில் சரியான சிகிச்சை கிடைத்தால் இறப்பு விகிதம் 1 சதவீதத்துக்கும் கீழ்.

இரண்டாவது முறை வந்தால்?

டெங்கு வைரஸில் நான்கு வகைகள் உண்டு. ஒரு வகை வந்தால் அந்த வகைக்கு மட்டும்தான் நீண்டகாலப் பாதுகாப்பு. பிறகு வேறு வகை தாக்கும்போது, பழைய எதிர்ப்பொருட்கள் புது வைரஸைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் செயலிழக்கச் செய்யாது. அது செல்லுக்குள் நுழைய வழியும் செய்துகொடுத்துவிடலாம். முன்பு டெங்கு வந்தவர்கள் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டியது இதனால்தான்.

வீட்டில் என்ன செய்யலாம்?

* காய்ச்சலுக்கு மருத்துவர் சொன்ன அளவில் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் ரத்தக்கசிவைக் கூட்டும்.
* ஓ.ஆர்.எஸ்., கஞ்சி, பழச்சாறு என்று அடிக்கடி குடிக்க வேண்டும். 4 முதல் 6 மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை என்றால் உடனே மருத்துவமனை.
* கடும் வயிற்று வலி, தொடர் வாந்தி, ஈறு அல்லது மூக்கில் ரத்தம், அதீத சோர்வு, பதற்றம், ஜில்லிட்ட கை கால் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், காய்ச்சல் இல்லை என்பதற்காகக் காத்திருக்கக் கூடாது.

மருந்து போடாமலேயே காய்ச்சல் இல்லாமல் 48 மணி நேரம் கடக்க வேண்டும். பசி திரும்பி, தட்டணு ஏறுமுகமாகி, பி.சி.வி. நிலையாக இருந்தால் ஆபத்துக் கட்டம் முடிந்தது எனலாம். ஆபீஸில் லீவு கேட்கும்போது அந்த இரண்டு நாளையும் சேர்த்தே கேட்பது நல்லது.