‘நடக்காதீங்கம்மா’ என்பதற்கு முன்

விடியுமுன் கம்பம், கூடலூர், போடி வீதிகளில் ஜீப்புகள் வந்து நிற்கும். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஏறுவார்கள். சிலருடைய சேலைக் கரைக்குக் கீழே கணுக்காலில் ஒரு கட்டு தெரியும். நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில், நம் கையால், மாதக்கணக்காகப் போட்டுவரும் கட்டு.

புண் ஆறாவிட்டால் களிம்பை மாற்றுகிறோம், ஆன்டிபயாடிக் எழுதுகிறோம், கடைசியில் “நடக்காதீங்கம்மா” என்கிறோம். “ஒரு நா ஜீப்ப விட்டா கூலி போயிரும் சார்” என்று பதில் வருகிறது. அந்தப் பதிலில் பிழையில்லை. பாதிப் பேருக்கு நம் அறிவுரையே தவறாகவும் இருக்கலாம்.

கணுக்காலின் உட்புறம் புண், சுற்றிலும் கறுத்த தோல், மேலே சுருண்ட சிரை: இது சிரைப் புண். இவர் நடக்க வேண்டியவர். நடக்கையில்தான் கெண்டைக்கால் தசை ரத்தத்தை மேலே தள்ளுகிறது. நின்ற இடத்திலேயே நிற்பதுதான் கேடு. இவருக்கு மருந்து, விரலடியிலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை சுற்றும் அழுத்தக் கட்டு. ஆனால் கணுக்கால்-கை ரத்த அழுத்த விகிதம் பார்க்காமல் சுற்றக் கூடாது. 0.8க்குக் கீழே இருந்தால் முழு அழுத்தம் ஆபத்து. சர்க்கரை நோயில் தமனி இறுகி விகிதம் 1.3ஐத் தாண்டினால் அந்த எண்ணை நம்பவே வேண்டாம். டாப்ளர் இல்லாத நிலையத்தார், அது இருக்கும் இடத்துக்கு அனுப்புங்கள். பாத நாடி கைக்குத் தட்டுப்படுவது மட்டும் போதாது.

உள்ளங்கால் புண் இதற்கு நேர்மாறு. 10 கிராம் மோனோஃபிலமென்ட் தொட்டும் தெரியாத பாதத்தில், ஒவ்வொரு அடியும் புண்ணை மிதிக்கிறது. 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளிடம் கண்டது இதுதான்: ஆறும் சக்தி அந்தச் சதைக்கு உண்டு, வலி தெரியாததால் அழுத்தம் விலகுவதில்லை. மாவுக்கட்டும் எம்.சி.ஆர். (நுண்ணறை ரப்பர்) செருப்பும் அந்த அறிவில் நிலைபெற்றவை. தொழுநோய்ப் பிரிவில் நாம் கற்றதைச் சர்க்கரைப் பாதத்துக்குக் கொண்டுவர ஏன் இவ்வளவு தாமதிக்கிறோம்?

பதிவேட்டில் ‘கட்டு மாற்றப்பட்டது’ என்று மட்டும் எழுதாதீர்கள். நீள அகலத்தையும் எழுதுங்கள். சர்க்கரைப் புண்ணின் பரப்பு 4 வாரத்தில் பாதியாகக் குறையவில்லையென்றால் காரணத்தை மறுபடி தேடுங்கள், க.விலக்கு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புங்கள். ஓரம் தடித்து மேலெழும்பிய பழம்புண்ணில் சதைத் துணுக்கு எடுத்துப் புற்றா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்த முறை கட்டை அவிழ்க்கும்போது, வாசலில் கழற்றிவிட்ட செருப்பையும் கொண்டுவரச் சொல்லுங்கள். கையை உள்ளே விட்டுத் தடவுங்கள். துருத்திய ஆணியோ, குழிந்த தேய்வோ விரலுக்குத் தட்டுப்படும்.