ஸ்பீக்கர் சட்டத்துக்கு எர்த் கட்டினால் பாட்டு இனிக்குமா?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

ஸ்பீக்கரின் இரும்புச் சட்டத்திலிருந்து ஒரு கம்பி இழுத்து எர்த்தில் கட்டினால் சத்தம் துல்லியமாகிவிடும் என்று ஒரு வீடியோ நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சுற்றுகிறது. அதற்கென்றே தனிக் கம்பியாம், விலை ஆயிரக்கணக்கில். என்னிடம் படித்த தம்பி ஒருவர் வாங்கியும் விட்டார். அதனால்தான் இந்தக் கோபம்.

மின்சுற்றுப் பாடம் மறந்துவிட்டதா? மின்னோட்டம் ஒரு முனையில் போய் மறுமுனையில் திரும்ப வேண்டும். ஸ்பீக்கரில் அந்த இரண்டு முனையும் வாய்ஸ் காயிலுக்குத்தான். காயில் கம்பியின் மேல் எனாமல் பூச்சு இருக்கிறது. காந்த இடைவெளியில் அது முன்னும் பின்னும் ஆடி, காகிதக் கூம்பைத் தள்ளுகிறது. சட்டம் இதையெல்லாம் தாங்கிப் பிடிக்கிறது, அவ்வளவுதான். பல்பு வைத்திருக்கும் மேசைக்கு எர்த் கட்டினால் வெளிச்சம் கூடுமா?

"காயிலுக்கும் சட்டத்துக்கும் நடுவே மின்தேக்குத்திறன் உண்டே சார்?" என்று ஒரு பொறியாளர் மாணவர் கேட்டார். நல்ல கேள்வி. அது 100 பிக்கோஃபாரட் என்றே வைத்துக்கொள்வோம். 20,000 ஹெர்ட்ஸில்கூட அந்த வழியின் தடை ஏறக்குறைய 80,000 ஓம். காயிலோ 8 ஓம் ரகம். கணக்கை நீங்களே போடுங்கள்.

கட்டியவருக்கு வித்தியாசம் கேட்கிறதாம். காசு கொடுத்த காது அப்படித்தான் சொல்லும். அவர் பார்க்காமல் வேறொருவர் காசு சுண்டிப் பார்த்து அந்தக் கம்பியை மாட்டட்டும், கழற்றட்டும். பத்து தடவையும் சரியாகச் சொல்லட்டும். குருட்டாம்போக்கில் அப்படி அமைய வாய்ப்பு 1024-ல் ஒன்று.

'உம்' என்ற இரைச்சல் வந்தால் மைக் வயரைப் பாருங்கள். அதில் வருவது மில்லிவோல்ட். அதில் ஒட்டும் 50 ஹெர்ட்ஸையும் ஆம்ப்ளிஃபையர் சேர்த்தே பெருக்கும்.

எர்த்தே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 100 வோல்ட் லைனில் ஓடும் மைக் செட் குழாயை மழையில் இரும்புக் கம்பத்தில் கட்டினால், கம்பத்துக்கு எர்த் அவசியம். அது உயிருக்காக, இசைக்காக அல்ல. கார் ஸ்டீரியோ போன்றவற்றில் ஸ்பீக்கரின் கறுப்பு முனை எர்த் அல்ல, இரண்டு முனையிலும் சிக்னல் உண்டு. உங்கள் எர்த் கம்பி தவறி அதைத் தொட்டால் ஆம்ப்ளிஃபையரே போய்விடலாம்.

இதே ஆட்கள்தான் இரைச்சல் போக ஆம்ப்ளிஃபையர் பிளக்கின் மூன்றாவது பின்னை உடைக்கச் சொல்கிறார்கள்! யாராவது உடைத்திருந்தால் இன்றே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாற்றுங்கள். அதுவரை அந்தப் பெட்டியைத் தொடாதீர்கள்.