படம் படுமோசம்! ஆனாலும் பார்ப்பார்கள்!

தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சிப்பியைத் திறக்காமலே ஏலம் விடுவார்கள். ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என்று விலை. முத்து இருந்தால் யோகம். இல்லாவிட்டால் நாற்றம்தான் மிச்சம்!

1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பு நடக்கவில்லை. ஏலம் மட்டும் நிற்கவில்லை. இப்போது அது சினிமா தியேட்டர் வாசலில் நடக்கிறது!

பெரிய நடிகர் படம் என்றால் போதும். உப்பளத்தில் வேகிறவரும் துறைமுகத்துக்கு லாரி ஓட்டுகிறவரும் முதல் காட்சிக்கு வந்து நிற்பார்கள். கதை என்ன, டைரக்டர் யார் என்ற கவலையே கிடையாது.

"ஏலே, படம் எப்படி இருந்தா என்னல? தலைவரு வந்தாருல்லா, அது போதும்!"

இடைவேளையில் முகம் தொங்கிப் போயிருக்கும். வெளியே வந்ததும் "சூப்பர்" என்பார்கள். மறுநாளும் போவார்கள்!

நஷ்டம் யாருக்கு?

2002 ஆகஸ்டு 15-ல் ரஜினியின் "பாபா" வந்தது. கதையும் அவரே. படம் படுத்துவிட்டது. விநியோகஸ்தர்களுக்கு ரஜினி பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். பெரிய மனசுதான். 2014-ல் "லிங்கா". விநியோகஸ்தர்கள் மறு மாதமே சென்னையில் உண்ணாவிரதம் இருந்து நஷ்டஈடு கேட்டார்கள்.

டிக்கெட் வாங்கிய ரசிகனுக்கு யார் பணம் கொடுத்தார்கள்? அவனும் கேட்கவில்லை. 2022 டிசம்பரில் அதே "பாபா"வை வெட்டி ஒட்டி மறுபடி வெளியிட்டபோது, அதற்கும் போனான்!

இதை வெறும் பைத்தியம் என்று தள்ளிவிட முடியாது. அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்த முகம் அது. கூட்டாளிகளோடு சேர்ந்து விசில் அடிக்கும் 3 மணி நேரத்தில் கடனும் மறந்துபோகும், முதலாளியும் மறந்துபோவார். அதற்குத்தான் அவன் காசு கொடுக்கிறான். படம் ஒரு சாக்கு.

ஆனால் எந்தக் காசு? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடி தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்கும். கோடை விடுமுறைப் படங்கள் வருவதும் அப்போதுதான். வீட்டில் அரிசிக்கே கணக்குப் பார்க்கும் நேரத்தில், கைமாற்று வாங்கி முதல் காட்சிக்குப் போகிறவரை வீட்டுக்காரி எப்படி வரவேற்பாள்?

இந்த ஊர் ஒன்றும் ஏமாளி அல்ல. 2018 மே மாதம் துப்பாக்கி சூட்டில் காயம் அடைந்தவர்களைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு ரஜினி வந்தபோது, "யார் நீங்கள்?" என்று ஒரு வாலிபர் முகத்துக்கு நேரே கேட்டார். திரையில் வரும்போது மட்டும் அந்தக் கேள்வி எழுவதில்லை!

உயிரும் போனது

2023 ஜனவரி 11-ல் அஜீத்தின் "துணிவு", விஜய்யின் "வாரிசு" ஒரே நாளில் வந்தன. சென்னை கோயம்பேட்டில் தியேட்டர் முன்பு லாரி மீது ஏறி ஆடிய வாலிபர் விழுந்து இறந்தார். அதன்பிறகுதான் அதிகாலை காட்சிகளுக்கு அரசு முட்டுக்கட்டை போட்டது.

2024 நவம்பரில் "கங்குவா" வந்தபோது, தியேட்டர் வாசலில் ரசிகர்களிடம் கருத்து கேட்டுப் படம் பிடிப்பதைத் தடுக்க வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் குரல் கொடுத்தார்கள். அதாவது, காசு கொடுத்தவன் வாயையும் மூட வேண்டுமாம்!

பிடித்த நடிகரைப் பார்க்கட்டும். மோசமான படத்தையும் பார்க்கட்டும். ஆனால் நியாயமான விலையில் பார்க்கட்டும். தமிழ்நாட்டில் டிக்கெட்டுக்கு உச்ச விலையை நிர்ணயிப்பது அரசு. அந்த விலையைக் கவுண்ட்டர் முன்பு பெரிய எழுத்தில் எழுதி வைக்கச் சொல்லலாம். அதிகாரிகள் ஒரு முதல் காட்சிக்கு வரிசையில் நின்று பார்க்கலாம். டிக்கெட் கிடைத்தால்!